தாமதமாக வருகிறவர்களுக்கு

"ஒன்னும் பயப்படாதீங்க. இன்னும் யாருக்கும் ஒன்னும் ஆகல. அவன் இன்னும் அவ முகத்தையே பாக்கல."

அக்கா இப்படித்தான் ஆரம்பிப்பார். மூச்சிரைக்கப் படியேறி, சொட்டும் குடையோடு, ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு வந்து நிற்பவர்கள் முதலில் விழிப்பார்கள். யார் அவன், யார் அவள், இந்தக் கறுப்புச் சட்டை அம்மாள் எதற்காக நம்மிடம் கதை சொல்கிறார் என்று முகத்தில் எழுதியிருக்கும். அரை நிமிடம்தான். பிறகு குடையை மடக்கிவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய நாடக அரங்கம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது மாலைகளிலும் வார இறுதிகளிலும் அங்கே இடம் காட்டும் வேலைக்குப் போனேன். கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட், விரல் நீளத்தில் ஒரு டார்ச் லைட். அக்காவுக்கும் அதே வேலை, அதே உடுப்பு. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். வார நாட்களில் பகலில் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணி; கொள்கலன் எண்களை நாள் முழுக்கத் தட்டச்சு செய்வார். வீடு பண்டமாரானில். இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் சொல்லப்போகும் ஆட்டத்தோடு அந்த வேலையை விட்டேன். அக்காவைப் பிறகு பார்க்கவில்லை.

அந்த வருஷம் வந்தது வெளிநாட்டுக் குழு ஒன்றின் இசைநாடகம். பழைய பாணி. தரையைக் கூட்டும் கவுன்கள், மெழுகுவர்த்தி விளக்குகள், மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து வயலினும் குழலும் வாசிக்கிற முப்பது பேர். கதை ஒன்றும் பெரிய கதையில்லை. ஆற்றின் இந்தக் கரையில் படகுக்காரரின் மகள். அந்தக் கரையில் மாளிகை வீட்டு இளைஞன். கை நீட்டினால் கை தெரியாத மூடுபனியில் ஒரு விடியற்காலை அவள் அவனை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். முகம் தெரியாது, குரல் மட்டும். பனி விலகுவதற்குள் அவன் இறங்கிப் போய்விடுகிறான். பிறகு அவனுடைய நிச்சயதார்த்த விருந்துக்கு விருந்தாளிகளை ஏற்றிச் செல்ல அதே படகைத்தான் அமர்த்துகிறார்கள். அப்புறம் கண்ணீர், கலக்கம், நடனம், பாட்டு. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். சேருவார்கள் என்று முதல் அரை மணி நேரத்திலேயே சொல்லிவிடலாம். இருந்தும் ஐந்து வாரமும் அரங்கம் நிரம்பியது.

அந்தக் குழு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டால் கதவு மூடப்படும். மூடுபனிப் பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது, இருபத்திரண்டாவது நிமிடத்தில், ஒரு தடவை திறக்கலாம். அதைத் தவறவிட்டால் விருந்து நடனம் முடிந்து கைதட்டும்போதுதான், இன்னும் கால் மணி நேரம் கழித்து. கோலாலம்பூரில் மழை பெய்தால் ஊரே தாமதம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருபது முப்பது பேர் வெளியே நிற்பார்கள். தாமதமாக வந்த யாரும் அந்த மூடுபனியைப் பார்க்க முடியாது. அவர்கள் உள்ளே போகும்போது படகில் அவள் மட்டும் இருப்பாள், பக்கத்தில் ஒரு காலி இடம். அவள் ஏன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று புரியாது.

தாமதமானவர்கள் காத்திருக்கிற அந்த வெளிக்கதவு யாருக்கும் வேண்டாத இடம். எங்களில் மற்ற எல்லோரும் உள்கதவுக்குத்தான் போட்டி போடுவோம், ஓசியில் ஆட்டம் பார்க்கலாம் என்று. அக்கா மட்டும் வெளிக்கதவைக் கேட்டு வாங்கிக்கொள்வார். சுவரில் ஒரு டிவி உண்டு. மேடையை எங்கோ தூரத்திலிருந்து காட்டும். சத்தம் வராது. எறும்புகள் கவுன் போட்டு ஆடுகிற மாதிரி இருக்கும். அதன் கீழேதான் அவர் நிற்பார். என்னைப் பெரும்பாலும் அவர் பக்கத்திலேயே போட்டார்கள். அவர் சைகை காட்டினால் கதவைத் திறந்து டார்ச் அடித்து ஆட்களைக் கூட்டிப்போவது என் பங்கு.

கதை சொல்வது அவர் வேலையில் சேர்ந்ததல்ல. காத்திருக்கச் சொன்னால் போதும். ஆனால் அவர் யாரையும் கதை தெரியாமல் உள்ளே விட்டதில்லை. தமிழர் என்றால் தமிழில், மலாய்க்காரர் என்றால் மலாயில், சீனர் என்றால் பாதி ஆங்கிலமும் பாதி கையுமாக.

சுபாங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு ஜோடி நினைவிருக்கிறது. பட்டுப்புடவை கட்டிய ஆன்டி, கூடவே அவர் கணவர்.

"நான் அப்பவே சொன்னேன், மூணு மணி ஷோன்னா ஒன்னரைக்கே கெளம்பணும்னு," என்றார் ஆன்டி எங்களிடம். "இவருக்குக் குளிக்கவே ஒரு மணி நேரம்."

"ரோடெல்லாம் ஜெம்லா. நான் என்ன செய்ய," என்றார் கணவர்.

"சண்டைய இன்டர்வல்ல வச்சுக்கலாம், ரெண்டு பேரும் இப்படி வாங்க," என்றார் அக்கா. "விடிகாலை. ஆறு. ஒரே பனி. இந்தப் பொண்ணு துடுப்ப மடியில வச்சிட்டு உக்காந்திருக்கா. கரையில ஒருத்தன் கூப்பிடுறான். ஆள் தெரியல. 'அக்கரைக்கு வருமா'ங்கிறான். 'வரும், படி வழுக்கும், பாத்து எறங்குங்க'ங்கிறா இவ. அதான் முதல் பேச்சு."

"ஐ லவ் யூ ஒன்னும் சொல்லலையா?"

"படி வழுக்கும்னு சொன்னது பத்தாதா சார்?"

ஆன்டி சிரித்துவிட்டார். உள்ளே போகும்போது கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

இடைவேளையில் அதே இருவரும் காப்பிக் கோப்பைகளோடு எங்களைக் கடந்து போனார்கள். அக்கா லேசாகச் சிரித்தார். அவர்கள் கவனிக்கவில்லை. கதை கேட்ட யாரும் திரும்பி வந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. உள்ளே போனதும் கதை மேடையுடையதாகிவிடும். சொன்னவர் கதவோடு கதவாக நின்றுவிடுவார்.

ஏன் இந்த மெனக்கெடல் என்று ஒருநாள் கேட்டேன். பின்படிக்கட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல வந்தவனுக்கு மத்தவங்க சிரிக்கிறது மட்டும் கேக்கும் தம்பி. எதுக்குன்னு தெரியாது. எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனப்போ பத்தொம்பது வயசு. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் உக்காருவாங்க. யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க, மொத்த வீடும் சிரிக்கும். ஏதோ பழைய கதை. நான் சாம்பார் கிண்ணத்தோட நிப்பேன். ஒருத்தராச்சும், இதான்மா நடந்துச்சுன்னு சொல்லணுமில்ல? கேட்டா, 'அது உனக்குப் புரியாது'ம்பாங்க. ஒரு வருசம் கழிச்சு நானும் சிரிக்க ஆரம்பிச்சேன். எதுக்குன்னு தெரியாமலே."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் விரிவுரையாளர் ஏதோ சொல்லி வகுப்பே சிரித்தபோது நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. பொட்டலத்திலிருந்த நெத்திலியில் பாதியை என் பக்கம் ஒதுக்கிவைத்தார்.

அவர் சொல்கிற கதையில் ஒரு கோளாறு இருந்தது. மேடையில் இல்லாததும் அதில் வரும். ஒத்திகையன்று ஊழியர்களுக்கு முழு ஆட்டத்தையும் காட்டினார்கள். எல்லோரோடும் அவரும் பார்த்தார். அப்படியிருந்தும் அவர் கதையில் படகுக்காரப் பெண்ணின் அப்பாவுக்குக் காது கேட்காது. அவள் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள். அவள் கையில் காய்ப்பு இருக்கும். அதனால் விருந்து வீட்டுக்குப் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒருமுறை பங்சாரிலிருந்து வந்த ஒரு வக்கீல் இடைவேளையில் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டார். காது கேட்காத அப்பா எங்கே, அவர் இரண்டு பாட்டு நன்றாகப் பாடினாரே என்று. சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அக்காவைக் கூப்பிட்டு, உள்ளதை மட்டும் சொல்லுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அக்கா தலையாட்டினார்.

"மேடையில காட்டலைன்னா இல்லாம போயிருமா?" என்றார் என்னிடம், பிறகு. "ஒரு பொண்ணு முகம் தெரியாதவன்கிட்ட அவ்ளோ சீக்கிரம் மனச விடுறான்னா, அந்த வீட்ல அவகூடப் பேச யாரும் இல்லன்னு அர்த்தம். அப்பாவுக்குக் காது கேக்கலன்னு வச்சாத்தான் கணக்கு சரியா வரும்."

இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஏன் இத்தனை கூட்டம் என்பது எனக்கு விளங்காத விஷயமாகவே இருந்தது. என் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். மெழுகுவர்த்தியும் கவுனும் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலத்துக்குடா அழுவார்கள் என்று. அக்காவிடம் கேட்டேன்.

"ஒன்னு கவனிச்சியா? சீக்கிரமா வந்து உக்காருறது யாரு? ஏற்கெனவே பாத்தவங்க. மூணாவது தடவ, நாலாவது தடவ வர்றவங்க. முடிவு தெரிஞ்சவங்களுக்குத்தான் அவசரம். புதுசா வர்றவன் மெதுவா வர்றான்."

"தெரிஞ்ச கதைக்கு எதுக்கு அவசரம் அக்கா?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க கதைக்கு வரல. பேசிட்டே இருப்பாங்க, பேசிட்டே இருப்பாங்க, அதுக்கு மேல பேச முடியாதுன்னு ஒரு இடம் வரும் பாரு, அங்க பாட ஆரம்பிச்சுர்றாங்க. அதப் பாக்கத்தான் வர்றாங்க. நம்ம வீட்ல அந்த இடம் வந்தா என்ன செய்யறோம்? டிவி சத்தத்தக் கூட்டி வைக்கிறோம்."

ஆட்டம் முடிந்து கொமுட்டர் ரயிலுக்கு நாங்கள் ஒன்றாக நடப்போம். நான் கிள்ளானில் இறங்க வேண்டும், அவர் அதையும் தாண்டி. ரயில் வருவதற்குச் சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். அந்த பிளாட்பார பெஞ்சில்தான் அவர் வீட்டைப் பற்றித் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். எதையும் வருத்தமாகச் சொல்லமாட்டார். மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொல்வார்.

கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். ஒரே மகன், ஜொகூரில் வேலை. கணவரும் அவரும் பேசி ஒன்பது வருஷம். மகன் வீட்டில் இருந்தவரை அவன் வழியாகப் பேச்சு நடந்தது. 'அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க.' 'அப்பா நாளைக்கு வரமாட்டாராம்.' ஒரே மேசையில் உட்கார்ந்து, நடுவில் அவனை வைத்துக்கொண்டு. மகன் போனபிறகு அதுவும் இல்லை. இவர் சமைத்து மேசையில் வைத்து, கூடைபோல் கவிழ்க்கிற துடுங் சாஜியால் மூடிவிட்டுப் போவார். கணவர் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். தட்டு கவிழ்ந்திருந்தால் சாப்பிட்டார் என்று அர்த்தம்.

"எதுக்காகப் பேச்ச விட்டீங்க?"

"முதல்ல ஒரு கோவம் இருந்துச்சு. என்ன கோவம்னு கேட்டா இப்ப சரியா சொல்ல வராது. அது போயிடுச்சு. பேச்சு மட்டும் திரும்பி வரல."

"நீங்களே பேசிப் பாக்கலாமே அக்கா."

"என்னன்னு ஆரம்பிப்ப?" என்றார். "ஒன்பது வருசம் தம்பி. எங்கேருந்து ஆரம்பிப்ப?"

தாமதமாக வந்த முப்பது பேரிடம் தினமும் ஆரம்பிக்கிறவர் அவர். ரயில் வந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் சூப்பர்வைசர் எங்களுக்கு ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தார். ஞாயிறு மூன்று மணி ஆட்டம், அதுதான் கடைசி ஆட்டம். வீட்டிலிருந்து யாரையாவது அழைக்கலாம். என்னுடையதை என் தங்கைக்குக் கொடுத்தேன். அக்கா தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை சொன்னார். "துடுங் சாஜிக்குள்ள வச்சிட்டு வந்தேன். சோத்துக்குப் பக்கத்துல."

"எடுத்துக்கிட்டாரா?"

"தட்டு கவுந்திருந்துச்சு. டிக்கெட்ட காணோம்." கொஞ்ச நேரம் கழித்து, "குப்பைத் தொட்டியிலயும் பாத்தேன். அங்கயும் இல்ல," என்றார்.

ஞாயிறன்று அக்கா நெற்றியில் புதுப் பொட்டும், காதில் நான் அதுவரை பார்த்திராத சின்னக் கம்மலுமாக வந்திருந்தார். இரண்டரை மணிக்குக் கதவுகள் திறந்தன. இரண்டேமுக்காலுக்கு ஒருமுறை படியிறங்கி முகப்புவரை போய் வந்தார். மூன்று மணிக்கு விளக்கு அணைந்தது. கதவை மூடினோம்.

"வந்தா வரட்டும்," என்றார் என்னிடம். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அதிசயமாக அன்று மழை இல்லை. தாமதமாக வந்தவர்கள் யாரும் இல்லை. வெறும் தாழ்வாரம், சத்தமில்லாத டிவி, நாங்கள் இருவர். மூன்று பதினொன்றுக்குப் படியில் காலடி கேட்டது. ஒரு பெரியவர் ஏறி வந்தார். கட்டையான உருவம். பெட்டிமடிப்பு இன்னும் கலையாத நீலச் சட்டை. கடிக்கிற காலணி போலிருக்கிறது, ஒவ்வொரு படியாகக் காலைப் பார்த்து வைத்தார். மேலே வந்து, டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தக் கறுப்பு உடுப்பில் அவர் தன் மனைவியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கைதட்டலுக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. யாராக இருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

அக்கா பேசவில்லை. அவரும் பேசவில்லை. டிவியில் எறும்பளவில் ஒரு படகு அசைந்தது. எனக்குத் தாங்கவில்லை. நானே சொல்லிவிடலாம் என்று, "அங்கிள், உள்ள இப்ப என்ன நடக்குதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"வணக்கம் சார்," என்றார். தினமும் கதவருகே பேசுகிற அதே குரல். "ஆட்டம் ஆரம்பிச்சு பதினோரு நிமிசம் ஆச்சு. ஒன்னும் பயப்படாதீங்க."

அங்கிள் 'சார்' யாரென்று தேடுவதுபோல் ஒருமுறை பின்னால் பார்த்தார்.

"விடிகாலை. ஆறு. பனி. படகுல ஒரு பொண்ணு இருக்கா. பேச ஆளில்லாத பொண்ணு. அவங்க அப்பாவுக்குக் காது கேக்காது. அவ ஆத்துகிட்டதான் பேசுவா. இன்னைக்கு மீன் வாங்கினேன். இன்னைக்கு முதுகு வலிச்சுது. ஆறு ஒன்னும் சொல்லாது, போயிட்டே இருக்கும்."

"ம்," என்றார் அங்கிள்.

கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற சாதாரண 'உம்'தான் அது. அக்காவின் குரல் ஓரிடத்தில் தட்டி நின்றது. பிறகு தொடர்ந்தார்.

"அப்ப கரையில ஒரு குரல் கேக்குது. இவளுக்கு முதல்ல நம்பிக்கையில்ல. ஆறுதான் பேசுதோன்னு நெனைக்கிறா. அவன் ஏறி உக்காருறான். முகம் தெரியல. தெரியாததும் நல்லதுக்குத்தான் சார். முகம் தெரிஞ்சா வாய் வராது சில பேருக்கு. இவ பேச ஆரம்பிக்கிறா. தன் வீட்டச் சொல்றா. சாயங்காலம் ஆனா வீடு எப்படி இருக்கும்னு சொல்றா. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா அடுப்பக் குறைச்சு வச்சிட்டு நிப்பாளாம். உள்ள வந்து ஒரு வார்த்தை வருமான்னு. தண்ணி கொடுன்னாகூடப் போதுமாம்."

"ம்."

மேடையில் இது எதுவும் இல்லை. அந்தப் படகுக்காரி மூடுபனியைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் நாலு வரிதான் பாடுவாள். அவள் வீட்டு வாசலுக்கு வண்டி எதுவும் வராது. நான் டார்ச் லைட்டை அணைத்தும் போட்டும் கொண்டிருந்தேன். அங்கிள் தரை விரிப்பிலிருந்து கண்ணை எடுத்து, அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கைதட்டல் எழுந்தது. நான் கதவைத் திறந்தேன். வெளிச்சமும் சத்தமும் தாழ்வாரத்துக்குள் வந்தன. அங்கிள் நகரவில்லை. என்னைப் பார்த்து உள்ளங்கையை லேசாகக் காட்டினார். கொஞ்சம் இரு என்று. கைதட்டல் ஓய்ந்தது. கதவை மூட வேண்டியதாயிற்று.

அக்கா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அப்புறம் பாருங்க சார்," என்று தொடர்ந்தார்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஏன் இவர் இன்னும் உள்ளே போகவில்லை என்று கேட்டார். "கதை முடியல மேடம்," என்றார் அக்கா மலாயில். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

இன்னும் கால் மணி நேரம் அந்தக் கதை ஓடியது. இரண்டாவது கைதட்டல் வந்தபோது அக்கா நிறுத்தினார். "மீதிய உள்ள போய்ப் பாத்துக்குங்க சார். எச் வரிசை, பன்னெண்டு." அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு வரவில்லை. நான் டார்ச் அடித்து முன்னே நடந்தேன்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது மணி ஐந்தரை. இருக்கைகளில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கிவிட்டு நாங்கள் கீழே வந்தோம். அங்கிள் முகப்புப் படியில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஸ்டேஷனை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவர் பத்தடி முன்னால், அக்கா பத்தடி பின்னால், நடுவில் நான். யாரும் யாரையும் முந்தவில்லை. பிளாட்பாரத்தில் அக்கா வழக்கம்போல பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். நானும் அங்கிளும் கடைசிப் பெட்டியில் ஏறினோம்.

பெட்டாலிங் தாண்டியதும் அவர் காலணியின் குதிகாலைத் தளர்த்திக்கொண்டார்.

"நீங்க அவகூட வேல செய்யிற தம்பியா?"

"ஆமா அங்கிள்."

"நான் ரெண்டு மணிக்கே வந்துட்டேன்," என்றார். "எதிர்ல கடையில தே தாரிக் குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். மூணு கிளாஸ். உள்ள வந்தா என்னன்னு பேசறதுன்னு தெரியல. ஆரம்பிச்சப்புறம் போனா யாரும் பேச வேண்டியிருக்காதுன்னு பாத்தேன்."

நான் தலையாட்டினேன்.

"அந்தப் பொண்ணு பனியில அவ்ளோ பேசுவாளா தம்பி? நான் போறதுக்குள்ள அது முடிஞ்சிருச்சு."

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "அவ்ளோ இல்ல அங்கிள். ஒரு பாட்டுதான். நாலு வரி."

"அப்படித்தான் நெனச்சேன்," என்றார். ஜன்னலுக்கு வெளியே ஷா ஆலம் போய்க்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "அடுத்த வாரம் டிக்கெட் வெளியில வாங்கலாமா? நான் மறுபடியும் லேட்டாவே வரலாம்னு இருக்கேன்."

"அங்கிள்," என்றேன். "இன்னைக்குத்தான் கடைசி ஆட்டம். நாளைக்கு அவங்க ஊருக்குப் போறாங்க."

"ஓ," என்றார். கையிலிருந்த டிக்கெட் அடிக்கட்டையை விரித்து, அதில் வேறு ஏதாவது தேதி இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

கிள்ளானில் நான் இறங்க எழுந்தேன். அவரும் எழுந்தார்.

"அங்கிள், இது கிள்ளான். உங்களுக்கு இன்னும் நாலு ஸ்டேஷன் இருக்கு."

"தெரியும்," என்றார்.

எனக்கு முன்பாகவே பிளாட்பாரத்தில் இறங்கினார். குதிகாலை மிதித்த காலணியை இழுத்துக்கொண்டு, ரயிலை ஒட்டியே முன்பக்கமாக வேகமாக நடந்தார். ஒரு பெட்டியைத் தாண்டினார். இன்னொன்றைத் தாண்டினார். பெண்கள் பெட்டியின் இளஞ்சிவப்பு ஒட்டுப்படம் தெரிந்த இடத்தில் நடை தயங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு எதிர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்க்கவில்லை. கதவு மூடப்போகிற மணி அடிக்க ஆரம்பித்தது. அங்கிள் இரண்டடி பின்னால் வந்து, பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.